ஜாக்கி ராபின்சனும் உட்களக் காவலும்

பேஸ்பால் அமெரிக்க நாட்டாரின் ஆட்டம். கிரிக்கெட் பயின்ற நம் மாணவர்க்கு அதன் முறை விளங்குதல் அரிதன்று. 90 அடிக்கு ஒன்றாகச் சதுரவடிவில் அமைந்த நான்கு நிலைகளையும் சுற்றி வந்தவனுக்கு ஓர் ஓட்டம் உண்டு. அந்நிலைகளை அடுத்து நின்று பந்தைத் தடுப்போரையே உட்களக் காவலர் என்கிறோம். இவருள் இரண்டாம் நிலைக் காவலன் பாடு பெரிது. தோழன் எறிந்த பந்தை வாங்கி, நிலையை மிதித்து, மெய் திரும்பி முதல் நிலைக்கு எறிவானாயின் எதிரிகளில் இருவர் ஒருங்கே ஆட்டமிழப்பர். அதனைத் தடுக்கவே, 2016-இல் விதி மாறும்வரை, ஓடிவருவோன் ஆணி தைத்த பாதரட்சையோடு அவன் கால்களை நோக்கிச் சறுக்கிப் பாய்வது வழக்கமாயிருந்தது.

இத்தொழிலிற் புகழ்பெற்ற ராபின்சன் 1919-ஆம் ஆண்டு ஜார்ஜியா மாகாணத்தில் பிறந்தார். தந்தை பிரிந்து செல்லவே, தாயார் ஐந்து மக்களையும் கலிபோர்னியாவிற் கூலி வேலை செய்து வளர்த்தார். லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுகளில் அவர் கல்லூரிக்காக ஆடினார். வியப்பென்னவெனில், அவற்றுள் பேஸ்பாலே அவருக்கு மிகவும் கைவராதிருந்தது! 1944-இல் இராணுவப் பஸ்ஸில் பின்னே சென்று அமர மறுத்தமையால் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுக் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார்.

அக்காலத்துப் பெருஞ்சங்கங்களில் கறுப்பினத்தார்க்கு ஏறத்தாழ 60 ஆண்டுகளாக இடமில்லை. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவரும் மெதடிஸ்டு கிறிஸ்தவருமான பிராஞ்ச் ரிக்கி 1945-இல் அவரை அழைத்து, எத்தகைய வசைக்கும் எதிருரையாமல் இருக்க இயலுமா என்று வினவினார். அடிப்பதற்கன்று, அடிக்காமலிருப்பதற்கே துணிவுடையான் ஒருவனை ரிக்கி தேடினார். ராபின்சன் உடன்பட்டார்.

1947 ஏப்ரல் 15 அன்று அவர் களமிறங்கினார். இரண்டாம் நிலையில் எட்டி ஸ்டாங்கி இருந்தமையால், பழகாத முதல் நிலையே கிடைத்தது. பிலடெல்பியா அணியினர், தம் மானேஜரே முன்னின்று தூண்ட, இனத்தைச் சுட்டி இழிமொழி பொழிந்தனர். ராபின்சன் வாய் திறவாமை கண்டு எதிரிகளை அதட்டியவர் அந்த ஸ்டாங்கியே. அவ்வாண்டு ராபின்சன் 29 நிலைகளைக் கவர்ந்து, சிறந்த புதிய ஆட்டக்காரர் என்னும் பரிசைப் பெற்றார்.

1948-இல் ஸ்டாங்கி வேறணிக்குச் செல்ல, இரண்டாம் நிலை இவருக்கு வந்தது. அடுத்த ஆண்டு, மௌனக் கட்டும் நீங்கியபின், அவர் எடுத்த அடிச் சராசரி ஆயிரத்துக்கு 342. தேசியச் சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரும் அவரே. கட்டு நீங்கியதும் கையும் தளர்ந்து ஆடிற்று என்பது எம் துணிபு. நடுவரோடு வாதிடவும் தொடங்கினார். முன்னர்ப் பொறுமையைப் புகழ்ந்த பத்திரிகையாளர் சிலர் இப்போது முகஞ்சுளித்தனர்.

1956-ஆம் ஆண்டோடு அவர் ஆட்டம் முடிந்தது. 1972 அக்டோபரில், கண்ணொளி குன்றிய நிலையில், சின்சினாட்டி மைதானத்தில் கௌரவிக்கப்பட்டபோது, கறுப்பினத்தார் ஒருவரை மானேஜராகக் காண விரும்புவதாகக் கூறினார். ஒன்பது நாட்களில் இறந்தார். 1975-இல் கிளீவ்லாந்து அணிக்கு அங்ஙனம் ஒருவர் மானேஜரானார். அவர் பெயரும் ராபின்சன், ஆயின் உறவினரல்லர்.