அவசர வேளையில் ஆங்கிலம்

ஆங்கிலம் நமக்கு மட்டுந்தான் கடினம் என்று எண்ணிவிடாதீர்கள். சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவி 'பிஸி' என்ற சின்னஞ்சிறு சொல்லிடம் படும் பாட்டைச் சற்றுப் பாருங்கள்.

மாண்டரின் எனும் பொதுச் சீனத்தில் அதற்குரிய சொல் 'மாங்'. அதை எழுதும்போது இடப்புறம் நெஞ்சைக் குறிக்கும் கோடுகளும், வலப்புறம் 'இழத்தல்' என்று பொருள்படும் உறுப்பும் வரும். வலப்புற உறுப்பு ஒலிக்காகச் சேர்ந்ததே என்பர் அறிஞர். ஆயினும் அதே நெஞ்சை, இழத்தலுக்கு அடியில் வைத்து எழுதினால் 'மறத்தல்' ஆகிவிடுகிறது! வேலை மிகுந்தால் மறதியும் வரும் என்பது நம் வீட்டிலும் காண்பதுதானே.

"எனக்கு வேலை மிகுதி" என்பதைச் சீனத்தில் 'நான், மிக, மாங்' என மூன்றே சொற்களில் முடிப்பர். ஆகவே அம்மாணவி 'ஐ வெரி பிஸி' என்கிறாள். நடுவே 'ஆம்' என்ற வினையைச் சேர்த்து, 'ஐ ஆம் வெரி பிஸி' என்று அவள் பழக வேண்டும். "நான் மாணவி" என்று வினையே இல்லாமல் பேசும் நாம் அவளைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை.

ஆங்கிலத்தில் ஆள் மட்டுமா பிஸி? கடைத்தெருவும் பிஸி, தொலைபேசியும் பிஸி. சீனத்தில் கூட்டம் நிறைந்த தெருவைச் 'சூடும் இரைச்சலும்' உள்ளது என்பர். அதில் மகிழ்ச்சியும் கலந்திருக்கும். 'ரஷ் அவர்' என்பதோ அவர்களுக்கு 'உயர்ந்த சிகரம்'.

பெருந்தொல்லை 'ஹரி அப்' என்பதில்தான். 'க்வாய் தியென்', அதாவது 'சற்று விரைவாக' என்று சீனத்தில் வீட்டாரிடம் சாதாரணமாகச் சொல்லலாம். அதற்கு ஈடாக 'ஹரி அப்' என்பதை மனப்பாடம் செய்தவள், ரயிலைப் பிடிக்கும் பதற்றத்தில், டிக்கெட் கொடுக்கும் முதியவரிடம் அதைச் சொன்னால் அது கட்டளையாகிவிடும். அவர் முகம் சுளிப்பார். அவளுக்கோ காரணம் புரியாது. 'ப்ளீஸ்' சேர்த்தாலும் குத்தல் முழுதும் போகாது. தன் நிலையைச் சொல்வதே தக்கது: 'எக்ஸ்க்யூஸ் மீ, ஐ ஆம் இன் எ ஹரி. மை ட்ரெயின் லீவ்ஸ் அட் டென்.' அவசரம் தன்னுடையது என்று சொல்லிவிட்டால் எதிரிலிருப்பவர் தாமே விரைவார்.

இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. விடைபெறும் விருந்தினரிடம் சீனர் "மெதுவாக நடங்கள்" என்று அன்போடு சொல்வர். அதை அப்படியே 'வாக் ஸ்லோலி' என்றால், வந்தவர் தரையில் வழுக்கல் ஏதும் உண்டோ என்று குனிந்து பார்ப்பார்! அங்கே 'டேக் கேர்' என்றால் போதும்.