பல்கலைக்கழக மாணவரும் புகைப்பழக்கமும்

கல்வி பெறச் சென்ற இடத்தில் கேடான பழக்கமொன்றையும் கற்றுத் திரும்பும் இளைஞர் பலர். 2016-17 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் நடைபெற்ற ஆய்வின்படி, புகையிலையை அன்றாடம் பயன்படுத்தும் இளவயதினர் அதனைத் தொடங்கிய சராசரி வயது ஏறத்தாழ 19. பெற்றோரின் பார்வையிலிருந்து விலகி விடுதி வாழ்க்கையில் நுழையும் பருவம் அதுவே.

முதல் இழுப்பு எவருக்கும் இனிப்பதில்லை. இருமலும் தலைச்சுற்றலுமே மிஞ்சும். ஆயினும் நண்பன் நீட்டியதை மறுக்க நாணியும், தேர்வுக் காலத்தில் விழித்திருக்க விரும்பியும் மாணவர் அதனை ஏற்கின்றனர். தேநீர்க் கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்குபவர் பெட்டியின்மீதுள்ள எச்சரிக்கைப் படத்தைக்கூடக் காண்பதில்லை. ‘நாளுக்கு ஒன்றுதானே’ என்னும் எண்ணமே பழக்கத்தின் வாயில்.

புகையிலுள்ள நிகோடின் சில விநாடிகளில் மூளையை அடைந்து இன்பவுணர்வைத் தூண்டுகிறது. அதன் அளவு குறைந்ததும் எரிச்சலும் அமைதியின்மையும் எழுகின்றன. அடுத்த சிகரெட் அவற்றைத் தணிக்கிறது. புகை தம் கவலையைப் போக்கிற்று என மாணவர் கருதுகின்றனர். அக்கவலையின் ஒரு பகுதியை உண்டாக்கியதும் அப்புகையே என்பதை அவர்கள் உணர்வதில்லை.

கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்திற்குள்ளும், 18 வயது நிரம்பாதோர்க்கும் புகையிலைப் பொருள்களை விற்றலை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மின்சிகரெட் விற்பனை 2019 இல் தடை செய்யப்பட்டது. ஆனால் பல்கலைக்கழக மாணவர் பெரும்பாலும் அவ்வயதைக் கடந்தவர். சட்டத்தின் காவல் முடியுமிடத்தில் மனவடக்கமே காவலாதல் வேண்டும். அறைத்தோழரும் அப்புகையையே சுவாசிக்கின்றனர் என்பதால், இது பிறவுயிர்க்கு ஊறு செய்யாமையைப் பற்றிய வினாவும் ஆகும்.

இதில் நம்பிக்கையூட்டும் செய்தியும் உண்டு. ரிச்சர்டு டால் முதலியோர் 1951 இல் பிரித்தானிய மருத்துவர்களிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினர். அதன் 50 ஆண்டு முடிவுகள் 2004 இல் வெளிவந்தன. தொடர்ந்து புகைத்தோர் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தனர். 30 வயதளவில் விட்டவர்களோ அவ்விழப்பை ஏறக்குறைய முழுமையாகத் தவிர்த்தனர். மாணவப் பருவத்தில் விடுவோர்க்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு இது!

விட்ட முதற்சில நாள்களே கடினமானவை. வேட்கை எழும்போது நீர் அருந்தலாம், சிறிது நடக்கலாம், சில நிமிடங்களில் அது தணியும். 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனையும் பெறலாம். பெற்றோர் கடிந்து பேசினால் பிள்ளைகள் மறைக்கவே கற்பர். கனிவுடன் வினவினால் உதவி நாடுவர். அக்கனிவை நம் இல்லங்களிலேயே தொடங்குவோமாக.