சுரிநாம்: ஆளில்லாக் காடு என்னும் பொய்

தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் உள்ள சுரிநாமைப் பற்றி நாம் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி பயண விளம்பரங்களில் படித்தது. மீதி காதில் விழுந்தது. சூழல் சுற்றுலா பெருகப் பெருக இவற்றில் உள்ள தவறுகளும் பெருகுகின்றன.

'சின்னஞ்சிறு நாடு, இரண்டு நாளில் பார்த்துவிடலாம்' என்கிறார்கள். தென் அமெரிக்காவின் சுதந்திர நாடுகளில் பரப்பில் சிறியது அதுதான். ஆனால் 1,63,820 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்நாடு தமிழ்நாட்டைவிடப் பெரிது. மக்கள்தொகை சுமார் 6 லட்சம். அவர்களில் பெரும்பாலோர் கடலோரத்தில் வாழ்கிறார்கள். தெற்கே போகும் சாலை அத்ஜோனி என்ற துறையோடு நின்றுவிடும். அதற்குமேல் சுரிநாம் ஆற்றின் பாறைகளுக்கிடையே வளைந்து செல்லும் நீண்ட மரப்படகுதான் வழி.

'மனிதக் காலடி படாத கன்னிக்காடு' என்பது இவற்றில் மிகக் கேடான நம்பிக்கை. நாட்டின் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நிலம் காடுதான். அந்தக் காட்டில் பழங்குடிகள் தொன்றுதொட்டு வாழ்கிறார்கள். டச்சுத் தோட்டங்களிலிருந்து தப்பிய ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த மரூன் மக்களும் வாழ்கிறார்கள். அவர்களில் ந்துகா மக்கள் 1760-லும் சரமாக்கா மக்கள் 1762-லும் டச்சுக்காரர்களோடு உடன்படிக்கை செய்து விடுதலையை உறுதிசெய்துகொண்டார்கள். அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1863-ல்தான். சரமாக்கா ஊர்களின் நுழைவாயிலில் குறுக்கே ஓலைத் தோரணம் தொங்கும். தீயவை அதைத் தாண்டி வராது என்பது அவர்கள் நம்பிக்கை. கொல்லையில் மரவள்ளி விளையும். சில ஆண்டுகள் பயிரிட்ட நிலத்தைக் காடு மூடும்படி விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது வெறும் புதர்.

ஆளில்லாக் காடு என்ற இந்தப் பொய் நீடிப்பதற்குக் காரணம் உண்டு. வானிலிருந்து பார்த்தால் பச்சை மட்டுமே தெரிகிறது. பட்டா இல்லாத நிலம் அரசுடையது என்கிறது சட்டம். அந்த ஊர்களிடம் பட்டா இல்லை. அலுமினிய ஆலைக்கு மின்சாரம் வேண்டுமென்று 1964-ல் அஃபோபாக்கா அணையை மூடியபோது, சுமார் 6,000 பேர் வாழ்ந்த ஊர்கள் நீருக்குள் போயின. அணையால் உருவான ஏரியில் பட்டுப்போன மரங்கள் இன்றும் தலைநீட்டி நிற்கின்றன. உல்லாசப் படகில் போகிறவர்கள் அவற்றை இயற்கைக் காட்சியென்று படமெடுக்கிறார்கள். 1990-களில் சரமாக்கா நிலத்தில் மரம் வெட்ட அவர்களைக் கேளாமலே உரிமம் வழங்கப்பட்டது. அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2007-ல் சரமாக்கா மக்களின் பக்கம் தீர்ப்பளித்தது.

'பல இனம், பல மதம், பூசலே இல்லை' என்றும் சொல்கிறோம். தலைநகர் பரமரிபோவில் மசூதியும் யூத ஆலயமும் அடுத்தடுத்து நிற்பது மெய்யே. 1986-ல் உள்நாட்டுப் போரின்போது ராணுவம் மொய்வானா என்ற ந்துகா ஊரில் புகுந்து பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாகக் குறைந்தது 39 பேரைக் கொன்றதும் மெய். சுரிநாமில் உள்ள இந்திய வம்சாவளியினர் தமிழர் என்ற எண்ணமும் தவறு. 1873 முதல் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய அவர்களின் முன்னோரில் பெரும்பாலோர் போஜ்புரி வட்டாரத்தார்.

'சரணாலயம் என்று அறிவித்துவிட்டால் காடு பிழைத்துக்கொள்ளும். நாம் போய்ப் பார்ப்பதே அதற்கு உதவி' என்பது படித்தவர்களிடமும் ஊறிப்போன நம்பிக்கை. கடலாமைகள் முட்டையிடும் கலிபி கடற்கரை 1969-ல் சரணாலயமானது. அங்கே காலங்காலமாக வாழும் கலின்யா பழங்குடி மக்களை எவரும் முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை. அதே மக்கள் உரிமை கோரும் வானே கிரீக் சரணாலயத்துக்குள் பாக்சைட் சுரங்கம் தோண்டவோ அனுமதி கிடைத்தது. நாட்டின் பல ஆறுகளில் தங்கம் அரிப்பவர்கள் பாதரசத்தைக் கலக்கிறார்கள். மக்களின் அன்றாட உணவான மீனில் அது சேர்கிறது. சுற்றுலாப் பணம் தானாக இதைத் தடுக்காது. தங்கும் விடுதி ஊராருடையதா, தலைநகர நிறுவனத்துடையதா, ஊர்த்தலைவரிடம் அனுமதி பெற்றார்களா என்று முன்பதிவுக்கு முன்பே நாம் கேட்டாக வேண்டும்.

சுரங்கத்தால் சீர்கெட்ட வானே கிரீக் நிலத்தைச் சீரமைக்கவும், கலின்யா, லொகோனோ பழங்குடி மக்களின் கூட்டு நிலவுரிமையை ஏற்கவும் அதே மனித உரிமை நீதிமன்றம் 2015-ல் ஆணையிட்டது. பல ஆண்டுகள் கடந்த பிறகும் அம்மக்கள் நிலவுரிமைச் சட்டத்துக்காகக் காத்திருந்தார்கள்.