சின்ன நாய்க்குக் கொழுப்பு எவ்வளவு தாங்கும்?

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ் நாய் ரோஸிக்கு 7 வயது. கருத்தடை செய்திருக்கிறோம். எடை 8 கிலோ. தீபாவளியன்று கறி நறுக்கும்போது ஒதுக்கிய ஆட்டுக் கொழுப்பை என் மாமனார் பாசத்தில் வதக்கிப் போட்டுவிட்டார். மறுநாள் விடியற்காலையிலிருந்து வாந்தி. எதையும் தொடவில்லை. முதுகைக் குறுக்கிக்கொண்டு மூலையிலேயே நின்றது. இரத்தப் பரிசோதனை செய்த டாக்டர் கணைய அழற்சி என்றார். நான்கு நாள் டிரிப்ஸ் ஏற்றி, ஊசி போட்டு, இப்போது தேறிவிட்டது. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமனாரோ தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று மருகுகிறார். இது திரும்ப வருமா? இனி நெய், பால், முட்டை எதுவுமே கூடாதா? கடையில் வாங்கும் உலர் உணவில் கொழுப்பு 10 சதவீதம் என்றும் டின் உணவில் 5 சதவீதம் என்றும் போட்டிருக்கிறது. டின்னுக்கே மாறிவிடலாமா?
– கே. எஸ்., கும்பகோணம்

பதில்: அன்புள்ள கே. எஸ். அவர்களுக்கு,

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், அம்மா. வாந்தி நின்று, டிரிப்ஸ் இல்லாமல், தானாகவே தட்டைத் தேடி வருகிறது என்றால் ரோஸி பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டது. நேரம் கடத்தாமல் மருத்துவரிடம் கொண்டுபோனீர்களே, பாதி வைத்தியம் அதுதான். திரும்ப வருமா என்றால், வரலாம். ஆனால் அதைத் தடுக்க வேண்டிய வழிகளில் பெரும்பகுதி உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது.

என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். கணையம் என்பது இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் ஒட்டினாற்போல் கிடக்கும் மெல்லிய சுரப்பி. இன்சுலினைச் சுரப்பதும் அதுதான். புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகளை (உணவை உடைக்கும் சுரப்புப் பொருள்கள்) உண்டாக்குவதும் அதுதான். இந்த நொதிகள் கணையத்துக்குள் இருக்கும்வரை செயலற்றுக் கிடக்கும். குடலுக்குள் போன பிறகுதான் விழித்து வேலை செய்யும். ஏதோ ஒரு காரணத்தால் கணையத்துக்குள்ளேயே அவை விழித்துக்கொண்டால், அந்தச் சுரப்பியையே செரிக்கத் தொடங்கிவிடும். கணையம் வீங்கும், சுற்றியுள்ள திசுக்கள் புண்படும், வயிற்றில் கடுமையான வலி எடுக்கும். இதுவே கணைய அழற்சி.

இதில் கொழுப்புக்கு என்ன பங்கு? கொழுப்பு மிகுந்த உணவு குடலுக்குள் இறங்கியதும் ஒரு ஹார்மோன் சுரந்து, நொதிகளை அனுப்பு என்று கணையத்தை முடுக்கும். கூடவே இரத்தத்தில் டிரைகிளிசரைடு (இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு) ஏறும். அது கணையத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் உடைபடும்போது வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் அங்குள்ள செல்களைச் சுட்டுவிடும். பழக்கமில்லாத உணவு, வீட்டுச் சாப்பாட்டு மிச்சம், குப்பையில் கிளறித் தின்றது ஆகியவற்றுக்குப் பிறகு இந்த நோய் வருவதைக் கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே பார்த்து வருகிறார்கள்.

சின்ன நாய்க்கு இது ஏன் கூடுதல் ஆபத்து என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். உடம்பை அதிகம் அலட்டிக்கொள்ளாத, 6 அல்லது 7 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி போதும். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. அதாவது அந்த ஒரு கரண்டியிலேயே ஒரு நாள் உணவில் மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிடுகிறது. 50 கிராம் ஆட்டுக் கொழுப்பு என்றால் 300 கலோரிக்கும் மேல். தினம் 2,000 கலோரி சாப்பிடும் மனிதர் ஒரே வேளையில் 200 கிராம் நெய்யைக் குடிப்பதற்கு அது சமம். நம் கைக்குச் சின்னத் துண்டாகத் தெரிவது ரோஸியின் வயிற்றுக்கு ஒரு விருந்து.

உங்கள் மாமனாரிடம் இதையும் சொல்லுங்கள். கொழுப்பு விஷம் அல்ல. தோலும் முடியும் நன்றாக இருக்கவும், வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை உடம்பில் சேரவும் அது வேண்டும். பனிப் பிரதேசங்களில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்கள் தங்கள் கலோரியில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்தே எடுத்துக்கொண்டு நலமாக ஓடுகின்றன. அவற்றின் உடம்பு அதற்குப் பழகியிருக்கிறது, உழைப்பும் கடுமை. அதனால் அந்த ஒரு துண்டு மட்டுமே காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உடல் பருமன், நடு வயது, சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, அட்ரீனல் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது, வலிப்புக்குத் தரும் பொட்டாசியம் புரோமைடு, ஃபீனோபார்பிட்டால் போன்ற மருந்துகள் எனப் பல காரணங்கள் பின்னால் இருந்து தள்ளக்கூடும். நம் ஊரில் அதிகம் காணும் உண்ணிக் காய்ச்சல்களில் ஒன்றான பபேசியோசிஸும் (இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும் நோய்) கணையத்தைப் பாதிப்பதுண்டு. மினியேச்சர் ஷ்னவுசர் இனத்தில் டிரைகிளிசரைடு பிறவியிலேயே ஏறி நிற்பது சகஜம். யார்க்‌ஷயர் டெரியரும் இந்த நோய்க்கு எளிதில் ஆளாகும். எத்தனை தேடியும் காரணம் பிடிபடாத நாய்களும் ஏராளம். பெரியவர் பாசத்தோடு கொடுத்தார். அந்தப் பாசத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். எதைத் தரலாம், எவ்வளவு தரலாம் என்று காட்டிக்கொடுங்கள், போதும்.

இனி செய்ய வேண்டியவை.

முதலில் டின் உணவு பற்றிய உங்கள் சந்தேகம். 5 என்பது 10-ஐவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் டின் உணவில் 80 சதவீதம் வரை தண்ணீர். 100 கிராமில் தண்ணீரை நீக்கினால் மிஞ்சுவது 20 கிராம். அதில் 5 கிராம் கொழுப்பு, அதாவது கால் பங்கு! உலர் உணவில் தண்ணீர் 10 சதவீதம்தான். மிஞ்சும் 90 கிராமில் 10 கிராம் கொழுப்பு, அதாவது 11 சதவீதம். ஆகவே டின்னுக்கு மாற வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். பாக்கெட்டில் கொழுப்புக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ‘குறைந்தபட்சம்’ என்றுதான் போட்டிருக்கும். உள்ளே அதற்கு மேலும் இருக்கலாம். ஒரு முறை அழற்சி வந்த நாய்க்கு, 1,000 கலோரி உணவில் கொழுப்பு 20 முதல் 30 கிராமுக்குள் இருப்பது நல்லது. இந்த அளவைத் தயாரிப்பாளரிடம் கேட்டே தெரிந்துகொள்ளலாம். குறைந்த கொழுப்புள்ள மருத்துவ உணவு வேண்டுமா என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

ரோஸியின் கணக்குக்கு வந்தால், முன்பு சொன்ன 350 கலோரிக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 7 முதல் 10 கிராம் கொழுப்பு. அதற்குள் எது அடங்கும் என்று பாருங்கள். தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் மூன்றரை கிராம்தான், தாராளமாகத் தரலாம். முட்டையின் வெள்ளைக்கருவில் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. மஞ்சள் கருவோடு சேர்த்தால் ஒரு முட்டைக்கு 5 கிராம். நிறைகொழுப்புப் பால் 100 மில்லியில் 6 கிராம். நம் வீட்டில் பெரியவர்கள் கொறிக்கும்போது நாய்க்கும் நீட்டும் தேங்காய்ச் சில்லில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு; வேர்க்கடலையில் ஏறத்தாழ பாதி. நெய், எண்ணெய், கோழித் தோல், ஆட்டுக் கொழுப்பு, வடை, பிரியாணி, சீஸ், பன்னீர் ஆகியவை இனி அறவே வேண்டாம். மாத்திரையைச் சீஸில் பொதிந்து கொடுக்கும் வழக்கம் இருந்தால், அதற்குப் பதில் ஒரு விள்ளல் இட்லியில் வைத்துக் கொடுங்கள். சாம்பார் சாதமும் ஆகாது. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

இப்போதைக்குக் குழைய வடித்த சோறும் நெஞ்சுக்கறியும் போதும். கறி வேகவைத்த தண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மேலே வெள்ளையாக ஆடை கட்டும். அதை வழித்து எறிந்துவிட்டு, அடியில் உள்ள சாற்றைச் சோற்றில் பிசையுங்கள். ஒரே வேளையாகப் போடாமல் மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஆனால் மாதக்கணக்கில் சோறும் கோழியும் மட்டுமே கொடுத்தால் கால்சியமும் வேறு சத்துகளும் குறைந்துபோகும். அதனால் டாக்டர் தேர்ந்து சொல்லும் குறைந்த கொழுப்பு உணவை, ஒரு வாரம் பத்து நாளில், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மாற்றுங்கள்.

கணையத்துக்கு ஓய்வு வேண்டும் என்று மூன்று நாள் பட்டினி போடச் சொல்வார்கள். அது பழைய வழக்கம். வாந்தியை மருந்தால் அடக்கியதும், கொழுப்பு குறைந்த உணவைச் சிறிது சிறிதாகச் சீக்கிரமே ஆரம்பிப்பதுதான் இன்றைய முறை. குடல் வெறுமையாகக் கிடந்தால் அதன் உட்சுவர் நலிந்துவிடும்.

அடுத்தது எடை. ஸ்பிட்ஸுக்கு 8 கிலோ கூடுதல் என்றே நினைக்கிறேன். விலாவில் உள்ளங்கையை மெல்ல வைத்துத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தேடித்தான் பிடிக்க முடிகிறது என்றால் எடையைக் குறைத்தே ஆக வேண்டும். வாரத்துக்கு 100 கிராம் அளவில் நிதானமாகக் குறைந்தால் போதும். கருத்தடை செய்த நாய்க்குக் கலோரித் தேவையும் குறைவு என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, ஒரு பரிசோதனை. ரோஸி முழுவதும் தேறி ஒரு மாதம் ஆனதும், 12 மணி நேரம் உணவு தராமல் (தண்ணீர் தரலாம்) இரத்தம் எடுத்து டிரைகிளிசரைடும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். டிரைகிளிசரைடு மிகவும் ஏறிய நாயின் இரத்தத்தைக் குழாயில் சிறிது நேரம் வைத்தால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் பால் போல வெளுத்திருக்கும். டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால், குறைந்த கொழுப்பு உணவு ஆயுள் முழுவதும் தேவைப்படலாம். அளவு சரியாக இருந்து, மறுபடி தாக்காமலும் இருந்தால், கட்டுப்பாட்டை எவ்வளவு தளர்த்தலாம் என்று டாக்டர் சொல்வார். டாக்டர் வயிற்று ஸ்கேனும் எடுக்கச் சொல்லி, உங்கள் ஊரில் அதற்கு வசதி இல்லையென்றால், அருகில் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

கடைசியாக, அபாய அறிகுறிகள். திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு நாள் முழுவதும் சாப்பாட்டை மறுப்பது, வயிற்றைத் தொட்டால் முனகுவது, சோர்ந்து கிடப்பது ஆகியவை முக்கியம். இன்னொன்று, முன்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி நிற்பது. விளையாட அழைக்கும்போதும் நாய் இப்படிக் குனியும். ஆனால் வாலாட்டிவிட்டு அடுத்த நொடியே ஓடிவிடும். வலியில் இருக்கும் நாய் அதே நிலையில் நிற்கும், முகம் வாடியிருக்கும். அப்போது வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், ஐபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நீர் வற்றிய நாயின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் அவை கெடுத்துவிடும்.

உடனே டாக்டரிடம் கிளம்புங்கள். கிளம்பும்போது ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதி எடுத்துப் போங்கள்: கடைசி இரண்டு நாளில் ரோஸி என்னென்ன தின்றது, எத்தனை முறை வாந்தி எடுத்தது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறது. வீட்டில் யார் என்ன கொடுத்திருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். உங்களைக் கடிந்துகொள்ள டாக்டர் அதைக் கேட்பதில்லை. எந்தச் சோதனையை முதலில் செய்வது, எந்த மருந்தைத் தவிர்ப்பது என்று தீர்மானிக்க அவருக்கு அந்தத் தாள்தான் துணை.