மேல்முத்திரைக் காசு சேர்க்க வரும் இளையவர்களுக்கு

செட்டிநாட்டுக் கீழச்சிவல்பட்டியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வளவு வீட்டைப் பாகம் பிரிக்கும்போது பெட்டகத்தின் அடியிலிருந்து பெரிய வெள்ளிக் காசுகள் வெளிப்படுவதுண்டு. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் கொண்டுவந்தவை. சிலவற்றின்மேல் பொடிப்பொடியாகச் சீன எழுத்துகள் குத்தியிருக்கும். அக்கசாலையிலிருந்து வெளிவந்த காசின்மேல் பிறகு வேறொருவர் குத்திய அடையாளம் அது. அதைத்தான் மேல்முத்திரை என்கிறேன். முத்திரை விழுந்ததைக் ‘காயம்பட்ட காசு’ என்று உருக்கக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வேதனைதான் என்னை எழுத வைக்கிறது.

1. காசைத் தேய்க்காதீர்கள். புளி, சாம்பல், பற்பசை எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. குத்துப்பள்ளத்தில் உறைந்திருக்கும் கறுப்பு, முத்திரை நேற்று விழுந்ததல்ல என்பதற்குச் சாட்சி. தேய்த்தால் சாட்சியும் போகும், விலையும் போகும். விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.

2. முத்திரைக்குப் போகுமுன் அடிக்காசு எது என்று உறுதி செய்யுங்கள். நம் வட்டாரத்தில் அகப்படக்கூடியது பிரிட்டிஷ் வர்த்தக டாலர். ஒரு பக்கம் திரிசூலம் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா, மறுபக்கம் சீன எழுத்தும் மலாய் மொழிக்கான ஜாவி எழுத்தும். இதில் பதித்துள்ள ஆண்டுகள் 1895 முதல் 1935 வரை. திரிசூலத்தின் நடுமுனையில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பம்பாய் அக்கசாலையில் அடித்தது. எடை 26.95 கிராம், ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி. தராசும் காந்தமும் கையில் இருக்கட்டும். காந்தத்தில் ஒட்டினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

3. அடுத்த கேள்வி, குத்தியவர் யார், எதற்காக? இந்தத் துறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சீனக் கடைக்காரர்களும் நோட்டக்காரர்களும் வெள்ளியைச் சோதித்து, நல்ல காசு என்று தெரிந்தபின் தங்கள் குறியைக் குத்தினார்கள். பத்துக் குறி இருந்தால் பல கைகள் அதை நோட்டம் பார்த்து ஏற்றிருக்கின்றன என்று பொருள். காசு நோட்டம் பார்ப்பது நமக்குப் புதிய தொழிலா? சங்கப் புலவர் பெயர்களிலேயே, காசு நோட்டம் பார்ப்பவரைக் குறிக்கும் ‘வண்ணக்கன்’ இருக்கிறாரே.

அரசு குத்துவது வேறு வகை. பிறர் நாணயத்தைத் தன் நாட்டில் செல்லுபடியாக்க அது குத்தும். 17-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் போர்த்துக்கீசியரின் ‘தங்கா’ என்ற வெள்ளிக் காசுகள்மேல் டச்சுக் கம்பெனி தன் சின்னத்தைப் பதித்தது. 1823-இல் அதே இலங்கையில் பிரிட்டிஷார் சென்னை மாகாணக் காசுகள்மேல் கிரீடம் குத்தினார்கள். 1889-இல் மொசாம்பிக்கில் நம் இந்திய ரூபாய்மேலும் கிரீடமும் எழுத்தும் விழுந்தன.

மூன்றாவது வகை நம் வாசலிலேயே கிடைத்தது. 1898-இல், அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில், 501 ரோமானியப் பொற்காசுகள் புதையலாக வெளிப்பட்டன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்கள் அவற்றில் இருக்கிறார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட காசுகளில் பேரரசர் முகத்தின்மேல் உளிவெட்டு! அவற்றை ஆராய்ந்து எழுதிய ஜி.எஃப். ஹில், தேய்ந்துபோன காசுகளைப் புழக்கத்திலிருந்து விலக்கவே அப்படி வெட்டினார்கள் என்று கருதினார். எனக்கும் அதுவே பொருந்தி வருகிறது. பொன் தரமானதா என்று பார்க்க முகத்தைத் தேடி வெட்ட வேண்டியதில்லை, எங்கே வெட்டினாலும் போதும். எப்படியானாலும், வெட்டு என்றதும் சேதம் என்று ஒதுக்கியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

4. போலி முத்திரை புதிதல்ல. 1797-இல் வெள்ளி நாணயத் தட்டுப்பாட்டுக்காக இங்கிலாந்து வங்கி ஸ்பானிய டாலர்மேல் அரசரின் சிறு தலையைக் குத்தி வெளியிட்டது. கள்ள முத்திரை உடனே கிளம்பிவிட்டது. நீங்கள் காசைத் திருப்பிப் பாருங்கள். மெய்யாகவே குத்தியிருந்தால் நேர் பின்பக்கம் கொஞ்சம் தட்டையாகியிருக்கும், பள்ளத்தின் ஓரத்தில் உலோகம் ஒதுங்கியிருக்கும். வார்த்தெடுத்த போலியில் ஓரம் மழுங்கி, ஊசித்துளை போன்ற குழிகள் தெரியும். இரண்டு காசில் ஒரே முத்திரை ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருந்தால் வாங்கவே வேண்டாம். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், நேர்வெளிச்சத்தில் இதெல்லாம் மறைந்துபோகும்.

5. சட்டம் தெரிந்திருக்க வேண்டும். மண்ணுக்குள் கிடைத்ததன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக்கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனருக்கு ஆசையாக அனுப்புவதும் அதில் அடங்கும்.

6. வாங்குமுன் படியுங்கள். தென்னிந்தியக் காசுகளுக்கு வால்டர் எலியட் 1886-இல் எழுதிய நூல் இன்றும் உதவும். எழும்பூர், புதுக்கோட்டை அருங்காட்சியகங்களுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

7. காசோடு அதன் காகிதத்தையும் காப்பாற்றுங்கள். இதை நான் மன்றாடிக் கேட்கிறேன். வீட்டைப் பிரிக்கும்போது காசு ஒருவர் பங்குக்கும் பேரேடு பழைய பேப்பர் கடைக்கும் போகிறது. பினாங்குக் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக இருந்தவர் எழுதிய கடிதம், கடை முகவருக்கு அடுத்த நிலையில் இருந்த ‘அடுத்தாளின்’ சம்பளச் சீட்டு, தேதி போட்ட ஒரு துண்டுக் கணக்கு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். முத்திரையில்லாத நல்ல டாலரைக் கடையில் வாங்கிவிடலாம். எந்த வீட்டார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு கொண்டுவந்தார் என்ற செய்தியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஒவ்வொரு காசுக்கும் தனி உறை, உறைமேல் பென்சிலில் எடை, முத்திரை எத்தனை, எந்தப் பக்கம், யார் வீட்டுப் பெட்டகம் என்று எழுதுங்கள். பிறகு வீட்டிலிருக்கும் ஆச்சியிடம் உட்கார்ந்து, அந்தப் பெட்டகம் யாருடையது, அவர் எந்த ஊர்க் கடையில் இருந்தார் என்று கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.