குகையோ, நிலவறையோ?

பிறமொழி பயிலும் மாணாக்கர்க்கு, அறியாத சொற்களினும் அறிந்தவைபோலத் தோன்றும் சொற்களே பேரிடர் விளைப்பன. திராட்சரசம் சேமிக்கும் அறைகளைக் குறிக்கும் பிரெஞ்சு, ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை ஆராயின் இவ்வுண்மை இனிது விளங்கும்.

இலத்தீன் மொழியில் 'கெல்லா' என்பது சிற்றறை. அதனின்று பிறந்த 'கெல்லாரியும்' என்பது உணவுப்பண்டங்களைச் சேமிக்கும் அறை. 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் வகுத்த மடத்து ஒழுங்கின் 31-ஆம் அதிகாரம், பண்டசாலையைக் காக்கும் துறவியின் கடமைகளைக் கூறுகின்றது. அத்துறவிக்குரிய பெயரும், துறவியர் வதியும் அறையைக் குறிக்கும் 'செல்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இவ்வேரினின்று கிளைத்தவையே. ஆகவே நிலத்தின் கீழிருத்தல் என்னும் கருத்து இச்சொற்களுக்கு ஆதியில் இல்லை. பிரெஞ்சு மொழியில் 'செலியே' என்பது இன்றும் பெரும்பாலும் தரைமட்டத்துச் சேமிப்பறையே. பிரெஞ்சின் வழியே ஆங்கிலம் புகுந்த 'செல்லர்' என்பதோ வீட்டின் அடியிலுள்ள நிலவறையாயிற்று.

இனி, உட்குழிந்தது என்று பொருள்படும் 'காவுஸ்' என்னும் இலத்தீன் சொல்லினின்று வந்தவற்றை நோக்குவோம். ஆங்கிலத்தார் 'கேவ்' என்பதும், பிரெஞ்சுக்காரர் 'காவ்' என்பதும் எழுத்தில் ஒன்றே, பொருளில் வேறு. முன்னது இயற்கையில் அமைந்த குகை. பின்னது மனிதர் அமைத்த நிலவறை, சிறப்பாகத் திராட்சரசம் வைக்கும் அறை. குகையைப் பிரெஞ்சுக்காரர் 'குரோத்' என்பர். போர்தோ பகுதியிலோ மிடாக்களை நிலத்தின்மேல் கட்டிய கூடங்களில் வைப்பர். அக்கூடத்திற்கு 'ஷே' என்று பெயர்.

ஒலி ஒப்புமை ஆங்கிலத்தாரையும் ஏமாற்றியதுண்டு. உப்புக்கிண்ணத்தை அவர்கள் 'சால்ட் செல்லர்' என்பர். அங்கு வரும் 'செல்லர்' நிலவறையன்று; உப்புக்கிண்ணத்தையே குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. அதன் பொருள் மறந்துபோகவே, 'உப்பு' என்பதை மீண்டும் முன்சேர்த்து, எழுத்தையும் நிலவறைச் சொல்லுக்கு ஒப்ப மாற்றிவிட்டனர்.

இவ்வேறுபாடு அகராதியோடு நிற்பதன்று. ஷாம்பெய்ன் நாட்டு ரேம்ஸ் நகரில், சுண்ணப்பாறையைக் குடைந்த ஆழ்ந்த நிலவறைகள் பல உள. 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அப்பகுதியின் நிலவறைகளை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப்போரில், பகைவரின் பீரங்கிக் குண்டுகளுக்கு அஞ்சிய நகரமாந்தர் அவற்றுள் புகலடைந்தனர். பள்ளிகளும் அங்கே நடைபெற்றன. அதனைக் கூறும் பிரெஞ்சு வாக்கியமொன்றில் 'காவ்' என்பதைக் 'குகை' என்று நம்மவர் மொழிபெயர்ப்பாராயின், படிப்போர் அச்சிறுவரை மலைவாசிகள் என்றே எண்ணுவர். 'நிலவறை' என்று எழுதின், மேலே நகரம் இடிந்து வீழ, கீழே விளக்கொளியில் பாடம் கேட்ட பாலரைக் காண்பர்.

ஆதலின் மொழிபெயர்ப்போர், சொல்லின் உருவத்தை மட்டும் நோக்காது, அது சுட்டும் இடத்தையும் வினவி அறிதல் கடனாம்.