புண் ஆற உணவும் மருந்தே

தறியிலோ வயலிலோ காயம்பட்டால் மருந்திடுகிறோம். பத்தியமென்று பருப்பையும் முட்டையையும் விலக்கிவிடுகிறோம். இது தவறாகும்.

1939-ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிராண்டன், வைட்டமின் 'சி' அற்ற உணவையே 6 மாதம் உண்டு தம்மையே சோதித்தார். 3-ஆம் மாதம் முதுகில் இட்ட கீறல் செவ்வனே ஆறிற்று. 6-ஆம் மாதம் இட்டதோ தோலுக்கடியில் கூடவில்லை. அவ்வைட்டமினை ஊசிவழி செலுத்தியபின் 10 நாளில் கூடிற்று.

இதன் காரணம் நெசவாளர்க்கு எளிதில் விளங்கும். காயத்தை இணைக்கும் கொலாஜன் என்னும் இழை புரதத்தால் ஆனது. அவ்விழையின் முறுக்கு உறுதிபெற வைட்டமின் 'சி' வேண்டும்.

ஆகவே, காயமுற்ற அங்கத்தினர்கள், மருத்துவர் விலக்கியவை நீங்கலாக, பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவற்றுள் இயன்றதையும், நெல்லிக்காய் அல்லது கொய்யாப்பழத்தையும் நாள்தோறும் உண்பாராக. நீரிழிவுடையோர் சிறு புண்ணையும் மருத்துவரிடம் காட்டுதல் அவசியம். கை ஆறினாலன்றோ கூலி கிட்டும்!